மூன்றாவது கை

பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்கமாட்டேன். நலமாகத்தான் இருப்பாய், என் பேத்தி அல்லவா.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் பெரிய மாமா மகன், நம் பல் டாக்டர், தனியாகக் கடை போட்டுவிட்டான். கடை என்று சொல்லக் கூடாதாம், கிளினிக்காம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பல்லைச் செய்து நிறுத்தியிருக்கிறான். யாருக்கு அவ்வளவு பெரிய வாய் என்று கேட்டேன், உன்னைத்தான் நினைத்துச் செய்தேன் என்கிறான். அவன் தங்கை கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்துவிட்டாள். கணக்குக்குப் பயந்து அஞ்சாம் வகுப்போடு ஓடிவந்தவள் நான். என் வம்சத்தில் ஒருத்தி கணக்கைச் சாக்குக்கட்டியால் அடித்து ஓடவிடுகிறாள். உன் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். தண்ணீருக்குள் அவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறானாம். வீட்டில் வாயை அடக்கமாட்டான்.

அப்புறம் நீ. பிறந்தபோது என் உள்ளங்கையில் அடங்கினாய், அதனால்தான் பொடிசு என்று பேர் வைத்தேன். இன்றைக்கு வானத்தில் உட்கார்ந்துகொண்டு கிரேன் ஓட்டுகிறாய். உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

போன வருஷம் நீ அனுப்பிய போட்டோ என் கட்டிலுக்கு நேரே சுவரில் இருக்கிறது. யார் வந்தாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வேன். ஆரஞ்சுச் சட்டை, மஞ்சள் தொப்பி, இடுப்பில் ஒரு கை. என்ன தோரணை! கண் மங்கலாக இருந்தாலும் அந்த நிற்பு எனக்குத் தெரியாதா? உன் தாத்தா அப்படித்தான் நிற்பார்.

கண் ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டருக்கு நேரமில்லையாம். பெரிய டாக்டர்கள் அப்படித்தான். நீ ஒன்றும் யோசிக்காதே. ஒரு அட்டையை வைத்து வரிக்கு வரி நகர்த்தி எழுதுகிறேன், வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் நாலு வார்த்தைக்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். கடிதம் என்றால் பிடுங்க முடியாது.

இத்துடன் வழக்கம்போல் பார்சல் வருகிறது. வறுத்த கடலை, உப்பு பிஸ்கட், ரஸ்க். மேலே தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு வாய்க்குத் துணை வேண்டாமா?

உன் பாட்டி


பிப்ரவரி 12

பாட்டிக்கு,

பார்சல் வந்தது. இனிமேல் அனுப்பாதே.

கோபப்படாமல் கேள். கிரேன் வேலை என்றால் நாள் முழுக்கத் தூக்கி இறக்குவது என்று நினைக்கிறாய். பாதி நாள் காத்திருப்புதான். கீழே கம்பி கட்டி முடிக்க வேண்டும், லாரி வர வேண்டும், காற்று அடங்க வேண்டும். போனை மேலே கொண்டுபோகக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாற்காலி, கிரேனை இயக்க இரண்டு பக்கமும் இரண்டு லிவர், மடியில் உன் பொட்டலம். பசியே இல்லை. ஆனால் பொட்டலம் காலியாகிவிடும். எப்போது தின்றேன் என்றே தெரியாது.

போன வாரம் ஒரு கடலை கைதவறி லிவரின் அடியில் இருக்கும் ரப்பர் மடிப்புக்குள் விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. கம்பிக் கட்டைத் தூக்கித் திருப்பிவிட்டு லிவரை நடுவுக்குக் கொண்டுவருகிறேன், வரவில்லை. சிக்கிக்கொண்டது. கிரேனின் நீண்ட கை திரும்பிக்கொண்டே போகிறது. கம்பிக் கட்டு காற்றில் ஆடுகிறது. சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினேன். அடியில் யாரும் இல்லை. இருந்திருந்தால்?

மெக்கானிக் ஏறி வந்து பிரித்துப் பார்த்தார். அந்தக் கடலையை உள்ளங்கையில் வைத்து ஃபோர்மேனிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. கடலையைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது போதும்.

இன்னொன்று. டாக்டருக்கு நேரமில்லாமல் இல்லை. அம்மா சொல்லிவிட்டாள். உனக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது. அது இறங்காமல் கண்ணில் கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார், அதுவும் இரண்டாம் முறையாக. இடது கண் போய்விட்டது போலத்தான், வலது கண்ணும் மூடிக்கொண்டு வருகிறது என்றும் சொன்னாராம். மதியம் முழுக்க நீல பிஸ்கட் டப்பாவும் நீயும்தான் என்கிறாள் அம்மா. எனக்குப் பார்சல் கட்டும்போதே பாதி உன் வாய்க்குள் போகிறதாம்.

பாட்டி, நிறுத்து.

பொடிசு


பிப்ரவரி 25

பொடிசுக்கு,

பார்சல் இனி வராது.

உன் கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தாய். உன் அப்பா வாசித்தார். கூடத்தில் நின்றுகொண்டு, சத்தமாக. உன் தம்பி இருந்தான், மேல்வீட்டு அம்மா கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "பாதி உன் வாய்க்குள் போகிறதாம்" என்ற இடத்தில் மாப்பிள்ளை நிறுத்தி இருமினார். அவர் நல்ல மனிதர், சிரிப்பை இருமலாக்கினார். எனக்கு எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடலை சங்கதியைக் கேட்டதும் வறுக்கிற வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அதைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன், அதனால் இப்போதே எழுதிவிட்டேன். என் கையால் வறுத்த கடலை. இனி இந்த வீட்டில் கடலை வறுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று. நீ கேட்டுவிட்டாய், நான் சொல்கிறேன். காலையில் உன் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். கதவு மூடுகிற சத்தம் மூன்று தரம் கேட்கும். அப்புறம் குளிர்சாதனப் பெட்டி முனகுகிற சத்தம் மட்டும்தான். டிவியில் நிழல்கள் பேசுகின்றன. நாலாம் மாடி ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது, வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் தையற்கடையில் காஜா எடுத்தவள். உனக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்த கை இது. கடைக்காரர் சொல்வார், "இந்தம்மா கை மட்டும் தனியா சம்பளம் கேக்கும் போல" என்று. அந்தக் கை இன்றைக்கு மடியில் கிடக்கிறது. ஊசியில் நூல் கோக்கக் கண் இல்லை. சும்மா இரு என்றால் இருக்கமாட்டேன் என்கிறது. ஈ மாதிரி. விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து டப்பாமேல் உட்காருகிறது. பசி என்று நான் சொன்னேனா? பசி இல்லை என்று எனக்கே தெரியும்.

நீ மேலே இருந்து எழுதிவிட்டாய், நிறுத்து என்று. உன்னால் நிறுத்த முடிந்ததா? அதைச் சொல்.

இனி எழுதினால் பெரிதாக எழுது. நானே வாசித்துக்கொள்ள வேண்டும். என் பேத்தி என்னைத் திட்டுவதை மாப்பிள்ளை வாயால் கேட்கமாட்டேன்.

பாட்டி


மார்ச் 9

பாட்டி,

பெட்டிகளில் எண் எழுதும் தடித்த பேனாவால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் அடங்குகிறது. தபால்காரர் புத்தகம் என்று நினைக்கப் போகிறார். நிறையப் பக்கம் இருக்கும், வரிசை மாறாமல் இருக்க மூலையில் தைத்திருக்கிறேன். காஜா அளவுக்கு இல்லை, சிரிக்காதே.

அப்பா வாசிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. மன்னித்துக்கொள். உன் கண் என் கண்முன் இல்லாததால் மறந்துவிட்டேன்.

கேட்டாயே, என்னால் முடிந்ததா என்று. முடியவில்லை. கடலையை விட்டேன், பிஸ்கட் வாங்கினேன். பிஸ்கட்டை விட்டேன், சிக்னல் கொடுக்கும் அண்ணனிடம் மிட்டாய் கேட்டேன். அவர் வாக்கி டாக்கியில், "மேல இருந்துகிட்டு பிச்சையா? கூடையில போட்டுத் தூக்கிக்கோ" என்றார். எல்லோரும் கேட்டார்கள்.

அதனால் பையைக் கிரேனின் அடியிலேயே தொங்கவிட்டுவிட்டு ஏறுகிறேன். எது வேண்டுமென்றாலும் அத்தனை ஏணியும் இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. கை லிவரில் இருந்து மடிக்குப் போகிறது, மடியில் ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. நீ ஈ என்று எழுதியதைப் படித்துவிட்டு, அட நம் வீட்டு ஈதான் இங்கேயும் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் வெளியே பார்த்தேன். பாட்டி, இத்தனை மாதமாக நான் வெளியே பார்த்ததே இல்லை! கொக்கியைப் பார்ப்பேன், பொட்டலத்தைப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலை மூடுபனி. நான் ஏறும்போது முழுக்க வெள்ளை, ஏணியின் அடுத்த படிகூடத் தெரியவில்லை. ஏறிக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று தலை வெளியே வந்துவிட்டது. தண்ணீரிலிருந்து தலை நீட்டுகிற மாதிரி. மேலே நீலம், வெயில். கீழே ஊர் இல்லை. தெரு இல்லை, வீடு இல்லை. பால் கொட்டிய மாதிரி ஒரே வெள்ளை, கண்ணுக்கு எட்டிய வரை. அந்த வெள்ளைக்கு மேலே அங்கங்கே கிரேன்கள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் ஒருவர். தூரத்தில் ஒருவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஊரில் அந்த நேரத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். கீழே இருந்து ஹாரன் சத்தம் வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை, கடலுக்கு அடியிலிருந்து வருவது போல.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கை மடிக்குப் போகவே இல்லை.

டப்பாவைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடு. எனக்கு ஏணி, உனக்கு மாடிப்படி.

பொடிசு


மார்ச் 24

என் தங்கமே,

முதலில் டப்பா கதையைக் கேள். கொண்டுபோய் வாட்ச்மேன் கையில் கொடுத்தேன். "என்னம்மா இது, பரிசா?" என்றான். "பத்திரமா வச்சிரு, நான் கேட்டாலும் குடுக்காதே" என்றேன். "கேட்டா குடுக்காம இருக்க நான் என்ன உங்க மருமகளா?" என்கிறான். நல்ல வாய் அவனுக்கு.

லிஃப்டில் பொத்தான் எண் என் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை அமுக்கி யார் வீட்டு வாசலிலோ போய் நின்றிருக்கிறேன். அதனால் படிதான். அன்று மதியமே கை ஆரம்பித்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி இறங்கினேன். அவன் கூண்டுக்குள் நின்றபடியே ரெண்டு பிஸ்கட் தின்றேன். மறுபடி நாலு மாடி ஏறினேன். மேலே வந்து உட்கார்ந்தால் இப்போது உண்மையாகவே பசிக்கிறது! இது என்ன நியாயம்?

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். "பாட்டி, டப்பாவை இங்க வச்சு உங்களுக்கு உடற்பயிற்சி ஆச்சு, எனக்கு எறும்பு ஆச்சு" என்றான். முழங்கால் இரண்டும் சண்டைக்கு வந்தன. நான்காம் நாள் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டுக்காக இந்த உடம்பை இப்படி இழுத்தடிக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்படியே திரும்பி ஏறிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அம்மா கடைசியில் இருந்த டப்பா சேதியை மட்டும் வாசித்துச் சொல்லியிருந்தாள்; மற்றதை நானே வாசிக்கப் பூதக்கண்ணாடி அன்றைக்குத்தான் வந்தது.

எப்படிச் சொல்வது? பல் டாக்டர் வாங்கிக்கொடுத்த பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு தடவைக்கு ஒரு வார்த்தைதான் அடங்குகிறது. "பால்" என்று ஒன்று வரும். நகர்த்தினால் "கொட்டிய." நகர்த்தினால் "மாதிரி." ஒவ்வொரு வார்த்தையும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறது, நீ பனியிலிருந்து தலை நீட்டினாயே, அப்படி. அடுத்தது என்ன வரும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஊர் இல்லை என்று படித்ததும் நான் வாயைப் பிளந்துகொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் இல்லையாம்! என் பேத்தி பார்க்கும்போது ஊரே இல்லையாம்!

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உன் அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டாள். மதியம் முழுக்கப் போய்விட்டது. பாதிதான் வாசித்திருந்தேன். அப்போதுதான் குனிந்து என் கையைப் பார்த்தேன். ஒரு கையில் கண்ணாடி. ஒரு கையில் உன் காகிதம். டப்பாவைத் திறக்க மூன்றாவது கை எனக்கு இல்லை!

அதனால் கேட்கிறேன், நிறைய எழுது. பெரிதாக எழுது. உனக்குக் கை வலிக்கட்டும், பரவாயில்லை. மேலே வேறு என்ன இருக்கிறது? காற்று வீசினால் அந்த இரும்பு என்ன செய்யும்? உன்னோடு யார் இருக்கிறார்கள்? ஒன்றையும் விடாதே.

ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். இறங்கியிருக்கிறது, போதாது என்றார் டாக்டர். அடுத்த மாதக் கடைசியில் மறுபடி பார்ப்பாராம். அதற்குள் இறங்காவிட்டால் வலது கண்ணுக்கும் உத்தரவாதம் சொல்லமாட்டேன் என்றார். சொன்ன விதத்தில் பொய் இல்லை.

உன் பாட்டி


ஏப்ரல் 10

பாட்டி,

உனக்கு எழுத வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறேன். பார்ப்பதால் தின்ன மறக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன், சிக்னல் அண்ணன் எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்வளவு பெரிய எழுத்து, யானைக்கா?" என்கிறார். என் பாட்டிக்கு என்றேன். "கேட்டதா சொல்லு" என்றார்.

என்னோடு யார் என்று கேட்டாயே. ஒரு காக்கா. கிரேனின் பின்பக்கக் கைக்கு அடியில் கூடு கட்டியிருக்கிறது. குச்சி இல்லை பாட்டி, முழுக்கக் கம்பி. நாங்கள் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவோமே அந்த மெல்லிய கட்டுக்கம்பி, தரையில் வெட்டிப் போட்டதைப் பொறுக்கி வந்து பின்னியிருக்கிறது. நான் கம்பி தூக்கித் தூக்கிக் கீழே ஒரு வீடு எழும்புகிறது, அதே கம்பியில் என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வீடு. ஒரு நாள் கிரேன் திரும்பும்போது பார்த்தேன், முட்டைமேல் உட்கார்ந்தபடியே முழு வட்டமும் சுற்றி வந்தது. ஒரு இறகுகூட அசையவில்லை. உலகமே தன்னைச் சுற்றுகிறது என்று நினைத்திருக்கும்.

காற்றைப் பற்றிக் கேட்டாய். வேலையை முடித்து இறங்கும்போது கிரேனைப் பூட்டிவிட்டு வருவோம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பூட்டமாட்டோம். அவிழ்த்துவிடுவோம். கை எந்தப் பக்கமும் தானாகத் திரும்பும்படி விட்டுவிட்டு இறங்குவோம். பூட்டினால் காற்று முட்டி முட்டிச் சாய்த்துவிடும். அவிழ்த்துவிட்டால் காற்று போகும் பக்கம் திரும்பிக்கொள்ளும், காற்றும் கடந்து போய்விடும்.

போன வாரம் பலத்த காற்று, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கீழே நின்று பார்த்தேன். ஆள் இல்லாமல் என் கிரேன் மெதுவாகத் திரும்பியது. அந்தப் பக்கக் கிரேனும் திரும்பியது. ஊர் முழுக்க எல்லா இரும்புக் கைகளும் ஒரே பக்கம் திரும்பி நின்றன, யாரோ கூப்பிட்ட மாதிரி. எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஃபோர்மேன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார், காற்றுக்காகத்தான் இருக்கும், ஆனாலும்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அன்று வேலை இல்லாமல் உட்கார்ந்ததில் யாரோ நீட்டிய சிப்ஸ் பொட்டலம் முழுவதையும் நானே தின்றேன். கடைசித் துகளை விரலால் ஒற்றி எடுத்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் கிரேனைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நான் கையைப் பூட்டப் பார்க்கிறேன், அதுதான் தப்போ என்னவோ. இப்போது தின்னும் எண்ணம் வந்தால் அதன்போக்கில் விட்டுவிடுகிறேன். சரி, வா, வீசு என்று. கொஞ்ச நேரம் வீசுகிறது. அப்புறம் போய்விடுகிறது. உனக்கு எப்படி என்று தெரியாது.

பொடிசு


மே 2

பொடிசு,

காக்கா கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. வாட்ச்மேனுக்கும் படித்துக் காட்டினேன். "கம்பியில கூடா? அப்ப வாடகை ஜாஸ்தியா இருக்குமே" என்றான். ஆனால் அன்று சாயங்காலம் அவன் வாசலில் நின்று மரத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததாக உன் அம்மா சொன்னாள்.

அதிகம் படித்ததில் ஒரு கெடுதல். மனப்பாடம் ஆகிவிட்டது. காகிதம் இல்லாமலே வருகிறது. அப்புறம் கைக்கு என்ன வேலை? அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை விருந்தாளிக்கென்று ஒரு பெரிய பெட்டி பிஸ்கட் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். நெய் வாசனை மூடிய அலமாரிக்கு வெளியே வந்து என்னைக் கூப்பிடுகிறது. ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள்.

எழுந்தேன். பொய் சொல்லமாட்டேன், அலமாரியைத் திறந்துவிட்டேன். கை பெட்டிமேல் இருக்கிறது. அப்போது நினைத்துக்கொண்டேன், இது காற்று, சரி வா, வீசு என்று. அப்படியே நின்றேன். கையை இழுக்கவும் இல்லை, உள்ளே விடவும் இல்லை. மேல்வீட்டில் நாற்காலி நகர்ந்தது. தெருவில் யாரோ ஒருவர் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார், கூப்பிட்டவர் சிரித்தார். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு தயாராகிற நேரத்தைக்கூட என்னால் கேட்க முடிந்தது. எத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இதெல்லாம் எனக்குக் கேட்டதே இல்லை. என் வாயில் எப்போதும் மெல்லுகிற சத்தம் இருந்திருக்கிறது, அதுதான்.

கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கீழே வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கிரேன்கள் திரும்பினதாக எழுதினாயே. எனக்கு உள்ளே ஒன்று அப்படித் திரும்பியது. பயமாகக்கூட இருந்தது. இந்தக் கிழ உடம்புக்குள் இப்படி ஒரு இடம் இருக்கிறதா என்று.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "என்ன செஞ்சீங்க?" என்றார். "காக்கா பாத்தேன்" என்றேன். உன் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். இந்த மாதம் பதினாறாம் தேதி ஆபரேஷன். வலது கண் முதலில்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. விழித்திருக்கும்போதே கண்ணில் கத்தி வைப்பார்களாம். அசையக் கூடாதாம். என் கையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

பாட்டி


மே 9

பாட்டி,

பதினாறாம் தேதி வர முடியாது. அன்று எங்கள் மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடுகிறார்கள், ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, எனக்குப் பதில் ஆள் இல்லை. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

அதனால் இப்படி வைத்துக்கொள். டாக்டர் கையும் சும்மா இருக்காது, என் கையும் சும்மா இருக்காது. உன் கை மட்டும்தான் சும்மா இருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் காஜா எடுத்த கை. அதற்கு ஒரு நாள் விடுமுறை கொடு. பயம் வந்தால் இறுக்காதே. அவிழ்த்துவிடு.

காக்காக் குஞ்சுகள் இரண்டும் கூட்டின் விளிம்புவரை வந்துவிட்டன. கீழே பார்க்கின்றன, பின்வாங்குகின்றன, மறுபடி வருகின்றன. அவற்றுக்குக் கீழே அவ்வளவு ஆழம், நானே அங்கே குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் அவை இறங்கத்தான் போகின்றன. நாளைக்கோ மறுநாளோ.

கண் கட்டைப் பிரித்ததும் நீயே எழுது. அதுவரை நான் ஒன்றும் மெல்லமாட்டேன். சாப்பாட்டைத் தவிர.

பொடிசு


மே 28

என் கண்ணே, பொடிசு,

அட்டை இல்லாமல் எழுதுகிறேன். வரி நேராக இருக்கிறதா பார்.

கத்தி பட்டது தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது, நிறம் நிறமாகக் கலங்கியது. நான் பனிக்குள் ஏணி ஏறிக்கொண்டிருந்தேன். கை மடியில் கிடந்தது, என் கை என்றே தோன்றவில்லை, அவ்வளவு அடக்கம்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். தலை வெளியே வந்துவிட்டது பொடிசு! நீ எழுதியது அப்படியே. நர்ஸ் உடுப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெள்ளை என்றால் இவ்வளவு வெள்ளையா? இத்தனை காலமாகத் தேநீரில் முக்கியெடுத்த வெள்ளையைத்தானே வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மரம். இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது! மரம் என்றால் பச்சையாக ஒரு மூட்டை என்று நினைத்துப் பழகிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் விளிம்பு, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஆடுகிறது. யார் இதையெல்லாம் உட்கார்ந்து செய்தது? காரை நிறுத்தச் சொன்னேன். மாப்பிள்ளை நிறுத்தினார். நாங்கள் நாலு பேரும் ஒரு சாதாரண மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உன் அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. எப்போது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து முகத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னம்மா, விடுங்க, வேலை கிடக்கு" என்றாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஊசியில் நூல் கோத்தேன். ஒரே தடவையில். மாப்பிள்ளையின் பழைய சட்டையில் ஒரு காஜா எடுத்தேன், கை மறக்கவில்லை. நீல டப்பாவில் இப்போது நூல் கண்டுகள் இருக்கின்றன. வாட்ச்மேன் கேட்டான், "அப்ப என் எறும்புக்கு யார் சோறு போடுறது?" என்று.

இப்போது நீ செய்த வேலைக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்து உன் போட்டோவை எடுத்தேன். ஆரஞ்சுச் சட்டை. மஞ்சள் தொப்பி. இடுப்பில் கை. அப்புறம் முகத்தைப் பார்த்தேன்.

மீசை!

நல்ல அடர்த்தியான மீசை. ஒரு வருஷமாக நான் யாரைக் காட்டிக்கொண்டிருந்தேன்? யாருக்குத் தினமும் காலையில் முத்தம் கொடுத்தேன்? உன் அம்மாவைக் கூப்பிட்டால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஓடுகிறாள். வாட்ச்மேனைக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் பாட்டி. பேத்திக்கு ஏன் மீசைன்னு கேட்டா அடிக்க மாட்டீங்களா? அதுவும் தாத்தா மாதிரியே நிக்கிறான்னு சொன்னீங்களே" என்றான். இத்தனை பேரும் தெரிந்தே தலையாட்டியிருக்கிறார்கள். அது உன் சிக்னல் அண்ணன்தானே? கேட்டதாகச் சொல். மற்றதை அவர் வீட்டில் சொல்ல வேண்டாம்.

அப்புறம் உன்னைத் தேடினேன். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கோடு மேலே போகிறது. போகிறது, போகிறது. என் விரல் அதன்மேல் ஏறிக்கொண்டே போனது. மேகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியா நீ?

பொடிசு, போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வானத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஊரெல்லாம் சொன்னேனே தவிர, வானம் என்றால் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அங்கே இருந்தா பனியைப் பார்த்தாய்? அங்கே இருந்தா எனக்காகக் காக்காவைப் பார்த்தாய்? என் உள்ளங்கையில் அடங்கினவள் அங்கே தனியாக உட்கார்ந்து இவ்வளவு பெரிய இரும்பை ரெண்டு கையால் அசைக்கிறாளா?

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அந்தப் புள்ளியின்மேல் வைத்தேன். முகம் வந்தது. என் பேத்திதான், சந்தேகமில்லை. ஒரு கை வாயில் இருக்கிறது. ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி உப்பியிருக்கிறது.

என் கடலை!

அதனால் உடனே ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு. மீசைக்காரர் குறுக்கே நிற்க வேண்டாம், ஓரமாக நிற்கட்டும், பழகிவிட்டேன். நீ நடுவில் இரு. கன்னம் தட்டையாக இருக்க வேண்டும். காக்காக் கூடு படத்தில் விழுந்தால் விழட்டும், விழாவிட்டாலும் சரி, நீ படத்தில் விழ வேண்டும். பெரிய அளவில் அச்சுப் போடச் சொல். ஒரு கையில் பிடிக்கிற மாதிரி சின்னதாக அனுப்பிவிடாதே. நான் இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உன் பாட்டி